ஆதிரை என்று கூப்பிட வேண்டிய இடத்தில்

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க சார், எனக்கு இந்தப்பக்கட்டே போதுமுங்க. இந்த ஃபைலை மட்டும் மடியில வெச்சுக்கறேன். மேல வெச்சா எவனாச்சும் தேங்கா மூட்டையைத் தூக்கி அதும்மேல போட்டுருவான். உள்ளார இருக்கறது அத்தனையும் விமர்சனமுங்க. சினிமா விமர்சனம். என்னையப் பத்தித்தான்.

சிரிக்கறீங்க. சிரிங்க, தப்பில்லே. மொதல்ல நானும் சிரிச்சேன். என்ற பேரு வெள்ளிங்கிரிங்க. கோயமுத்தூர்ல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கேன். கிரைண்டர் மோட்டாரு, தண்ணி மோட்டாரு, எது எரிஞ்சாலும் நம்மகிட்டத்தான் வரும். நான் அதிகம் பேச மாட்டேனுங்க. வர்றவங்க மோட்டாரை வெச்சுட்டு நிப்பாங்க, நான் 'வியாழக்கெழமை'ம்பேன், போயிருவாங்க. அவ்வளவுதான் ஒரு நாளுப் பேச்சு. இன்னைக்குத்தான் என்னமோ வாய் நிக்க மாட்டேங்குது. இப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததே இல்லீங்க.

உடுமலைக்குப் போறேன். எங்கூட்டுல, சம்சாரத்தைச் சொல்றேனுங்க, அங்க அவங்கண்ணன் ஊட்டுல இருக்கறா. வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடோணும். கூப்பிட்டா என்னோட வந்துருவா. கூப்பிடலீன்னா நாளைக்குத் திங்கக்கெழமை, உடுமலையிலயே ஒரு பொம்பளைப் புள்ளைக ஹாஸ்டல்ல சமையலுக்குச் சேந்துருவா. தங்கறதும் அங்கயே. அப்புறம் வரமாட்டா. அவ சொன்னா சொன்னதுதானுங்க.

யாரு பேரையா? அவ பேரைத்தான். பொண்டாட்டி பேரை. நீங்க உங்க வீட்டுக்காரம்மாவைப் பேரு சொல்லித்தானே கூப்பிடுவீங்க? உங்க வயசுல எல்லாரும் கூப்பிடறாங்க, அதுல செல்லப்பேர் வேற வெச்சுக்கறாங்க. எனக்குக் கல்யாணமாயி இருபத்தி மூணு வருசமுங்க. ஒருக்காக்கூடக் கூப்பிட்டதில்லே. எங்கப்பனும் எங்கம்மாவைக் கூப்பிட்டதில்லே. 'இந்தா'ம்பேன், வந்துருவா. எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. ரெண்டே பேரு இருக்கற ஊட்டுல இந்தான்னா வேற யாரு வரப்போறா?

அதுல ஒரு கொறையும் இல்லாமத்தான் ஓடிட்டு இருந்துச்சு. போன வருசம் சித்திரையில அவளுக்குப் பித்தப்பையில கல்லுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி ஸ்ட்ரெச்சர்ல படுக்க வெச்சாச்சு. ஒரு நர்ஸ் புள்ளை நோட்டைத் தூக்கிட்டு வந்து 'பேசன்ட் பேரு?'ன்னுச்சு. நான் 'வீட்டுலங்க'ன்னேன். அதும்பாட்டுக்கு எழுதிருச்சு. எழுதுனதைப் படிச்சுப் பாத்துட்டு, 'சார், வீட்டுலன்னா என்னங்க, பேரு சொல்லுங்க'ன்னுச்சு. எனக்கு வாய் வர்லீங்க. தெரியாம இல்லே, தெரியும். நாக்கு போயி அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. பின்னாடி வேற நாலு பேரு நிக்கறாங்க. அத்தனை பேரு முன்னாடி பொண்டாட்டி பேரைச் சொல்றது சட்டையைக் கழட்டிட்டு நிக்கறாப்பல இருந்துச்சு. 'எங்க வீட்டம்மாங்க'ன்னேன். அந்தப் புள்ளைக்குச் சிரிப்பு தாங்கலே.

அப்ப ஸ்ட்ரெச்சர்ல இருந்து அவளே சொன்னா. வயித்தைப் புடிச்சுட்டே பேரு, வயசு, வீதி, ஊரு, எல்லாம் சொன்னா. எழுத்துக்கூட்டி வேற சொன்னா. எப்படியோ வேலை முடிஞ்சுதுல்லீங்க? ஆப்பரேசனும் நல்லபடியா முடிஞ்சுது.

ஊட்டுக்கு வந்த பத்தாம் நாளு, 'அண்ணன் ஊட்டுல ஒரு மாசம் இருந்துட்டு வரேன்'ன்னா. சரீன்னேன். ஒரு மாசம் மூணாச்சு, மூணு ஆறாச்சு. தீவாளிக்குப் போனேன், பொங்கலுக்குப் போனேன். சோறு போட்டா, தின்னுட்டு வந்தேன். எப்ப வருவேன்னு நான் ஒரு வார்த்தை கேக்கலீங்க. நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்னு கம்முனு உட்டுட்டேன். ஒரு புருசன் இதுக்கு மேல என்ன விட்டுக்குடுக்க முடியும் சொல்லுங்க. உடுமலைக் காத்து ஒடம்புக்கு ஒத்துக்கிச்சு போலன்னு நெனச்சேன்.

அவ போயி நாலு மாசத்துல அமுதினின்னு ஒரு பொண்ணு கடைக்கு வந்துச்சு. 'எரிஞ்சுபோன மோட்டாரா ஒரு நாப்பது வேணுங்ணா'ன்னுச்சு. பழைய இரும்புக்காரப் பொண்ணுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா சினிமா எடுக்குதாமா. கம்பெனி கிம்பெனி ஒண்ணும் கெடையாது. கூட்டாளிக ஏழெட்டுப் பேரு, ஒரு கேமரா, ஒரு ஆம்னி வேனு. படத்துக்குப் பேரு 'எதிர்முனை'. கதை என்னன்னா, ஒருத்தனோட பொண்டாட்டி செத்துப்போயிடறா. ஆனா அவ ஆயுசுக்கும் பேசுன பேச்செல்லாம் அலையாக் கெளம்பிப் போயி எங்கியோ ஒரு நட்சத்திரத்துல மோதித் திரும்பி வந்துட்டு இருக்குது. அதைப் புடிக்க இவன் மோட்டாரையெல்லாம் கோத்து ஒரு மெசினு பண்றான். ஒரு நாளு அவ அந்த மெசினுக்குள்ள வந்து நிப்பா. அந்த நேரத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வந்துருவா, இல்லீன்னாத் தாண்டிப் போயிருவா. அவ பேரு ஆதிரை. அதும் ஒரு நட்சத்திரத்துப் பேருதானாமா.

மோட்டாரை எடுக்க எங்கூட்டுக்கு வந்த பொண்ணு உள்ளார எட்டிப் பாத்துச்சு. ஒரு தட்டு, ஒரு டம்ளரு, கொடியில ஒரே ஒரு துண்டு. அப்படியே நின்னுருச்சு. 'அண்ணா, இந்த ஊட்டை இப்படியே படத்துக்குக் குடுங்ணா. செட்டுப் போட்டாக்கூட இப்படி வராது'ன்னுச்சு. எனக்குப் பெருமைன்னாப் பெருமை. ஒத்தை ஆம்பளை ஊட்டை அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கறேன்னுதானுங்களே அர்த்தம்?

நடிக்க வந்த ஆளு மூணாம் நாளே சீரியல்ல கூப்பிட்டாங்கன்னு போயிட்டாரு. அமுதினி தலையில கையை வெச்சுட்டு உக்காந்துச்சு. நான் ஓரமா ஒரு மோட்டாரைக் கழட்டிட்டு இருந்தேன். என்னையே பாத்துச்சு. 'அண்ணா, நீங்க நடிங்ணா. பெருசா ஒண்ணும் பேச வேண்டியதில்லே, கம்முனு நின்னாப் போதும்.' கம்முனு நிக்கறதுதானுங்களே, அதுல நமக்கு நல்ல பழக்கம். ஒத்துக்கிட்டேன்.

டீ ஒண்ணு சொல்லட்டுங்களா? பொள்ளாச்சியில பத்து நிமிசம் நிப்பான். வேண்டாமுங்களா, சரி.

கடைசிக் கட்டத்தைச் சொல்றேன் கேளுங்க. எரிஞ்ச நாப்பது மோட்டாருக்கும் நானே காயில் கட்டிட்டேன், ஒட்டுக்கா ஓடுது. மெசினுக்குள்ள வெளிச்சம். நான் அதைப் பாத்து 'ஆதிரை'ன்னு கூப்பிடோணும். பதினாலு தடவை எடுத்தாங்க. பதினாலு தடவையும் வாயைத் தொறக்கறேன், காத்துத்தான் வருது. கதையில பொண்டாட்டின்னாலும் பொண்டாட்டிதானுங்களே, எப்படிக் கூப்பிடறது? அந்தப் பொண்ணுக்கு அழுகையே வந்துருச்சு. கிட்டக்க வந்து, மெதுவாத்தான் சொல்லுச்சு. 'அண்ணா, கதவு சாத்தப் போறாங்க. இப்பக் கூப்பிடலீன்னா இனி கூப்பிடவே முடியாது. அப்படி நெனச்சுக்கங்க.'

கதவுன்னதும் எனக்கு வேற கதவு வந்துருச்சு சார். ஆப்பரேசன் தியேட்டர் கதவு. அன்னைக்கு அவளை உள்ள தள்ளிட்டுப் போறப்ப அவ தலையைத் திருப்பி என்னையப் பாத்தா. எதாச்சும் சொல்லுவேன்னு பாத்துருப்பாளோ என்னமோ. நான் கூப்பிட்டிருக்கோணும். தைரியமா இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும். கதவு சாத்திட்டாங்க. ரெண்டு மணி நேரம் வெளிய நின்னேன். உசுரே என்றகிட்ட இல்லீங்க. இதை யாருகிட்டயும் நான் சொன்னதில்லே.

அதை நெனச்சுட்டே மெசினைப் பாத்தேன். வாய் தானாத் தொறந்து கூப்பிட்டேன். நாப்பது மோட்டாரு சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சாமா. கூப்பிட்டு முடிச்சுப் பாத்தா, கேமராக்காரத் தம்பி கண்ணைத் தொடைக்கறான். அப்புறந்தான் எனக்கே உறைச்சுது. ஆதிரைன்னு கூப்பிட வேண்டிய இடத்துல எங்கூட்டுல பேரைக் கூப்பிட்டிருக்கேன்.

டப்பிங்ல மாத்திக்கலாம்னாங்க. அமுதினி ஒரு வாரம் ரோசனை பண்ணிட்டு, 'வேண்டாங்ணா, அந்தக் கூப்பாடு அப்படியே இருக்கட்டும், வேற எதை வெச்சாலும் பொய்யாப் போயிரும்'ன்னுருச்சு. 'யாராச்சும் கேட்டா மட்டும் காரணத்தைச் சொல்லிறாதீங்க'ன்னுச்சு. நமக்கு அது ஒரு கஷ்டமுங்களா?

படம் போன மாசம் வந்துச்சு. வந்துச்சு பாருங்க, அன்னைல இருந்து என்ற பொழப்பே மாறிப்போச்சு. இதா, இது சிறுபத்திரிகை. முப்பத்தாறு பக்கத்துல ஒம்பது பக்கம் நம்ம படம். படிக்கறேன் கேளுங்க. "வெள்ளிங்கிரி என்னும் புதுமுகத்தின் மௌனம், தமிழ்த் திரை இதுவரை கேட்டிராத ஓர் ஒலி. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவிலான அந்தப் பதினோரு விநாடிகளில் ஒரு பால்வீதியே பிறந்து அணைகிறது." அந்தப் பதினோரு செகண்டும் அடுத்த வசனம் என்னன்னு ரோசனை பண்ணிட்டு இருந்தேனுங்க. இங்க பாருங்க, "அவர் அண்ணாந்து பார்க்கும் பார்வையில் மனிதகுலம் விண்வெளியை நோக்கிக் கேட்ட அத்தனை கேள்விகளும் இருக்கின்றன." ஃபேன்ல பேரிங் போயிருந்துச்சு. அதைத்தான் பாத்தேன்.

அடுத்த பத்திதான் முக்கியம். "ஆதிரையை அழைக்க வேண்டிய நா, உச்சத்தில், ம்ம்ம் என்று அழைக்கிறது." அந்த எடத்துல பேரு போட்டிருக்குதுங்க, அதை உட்டுப்போட்டுப் படிக்கறேன். இல்லீங்க சார், எட்டிப் பாக்காதீங்க, கட்டை வெரலை வெச்சு மறைச்சிருக்கேன்ல. "இது பிழையல்ல. பெயர் என்பது மொழியின் ஈர்ப்பு விசை. அதை அறுத்துக்கொண்டு இந்த மனிதன் இன்னொரு பிரபஞ்சத்தின் மனைவியை அழைக்கிறான்." இன்னொரு பிரபஞ்சம் எங்க இருக்குது? உடுமலையில இருக்குது.

யூட்யூப் வீடியோவுல ஒரு பையன் படத்தைப் பத்தி இருபத்திரண்டு நிமிசம் பேசியிருக்கான். மூச்சு உடாமப் பேசறான். 'ப்ரோ, அந்தப் பேர்லதான் ப்ரோ மொத்த ட்விஸ்ட்டும்'ங்கறான். எங்கூட்டுச் செவுத்துக் காலண்டரை நிறுத்தி, சிவப்புல வட்டம் போட்டு, அதுல இருக்கற சுழியெல்லாம் கிரகம் சுத்தற பாதைங்கறான். கேஸ் சிலிண்டர் மாத்துன நாளுக்கெல்லாம் எங்கூட்டுல அவ போட்டு வெச்ச சுழிங்க அது. பாத்துப்போட்டு எனக்குச் சிரிப்பு அடங்க அரை மணி நேரமாச்சு. அப்புறம் என்னமோ வெசனமா இருந்துச்சு. அவ போனதுக்கப்புறம் அந்தக் காலண்டர்ல ஒரு சுழியும் இல்லே.

இன்னொருத்தரு, அவ பேரு ஒரு செடி பேருங்கறதைப் புடிச்சுட்டு, இது மரஞ்செடியைக் காப்பாத்தச் சொல்ற படம்னு எழுதிப்போட்டாரு. செடியைச் சுத்தி வர்றதும் கிரகம் சுத்தறதும் ஒண்ணுதானாமா. நல்ல மனுசன், மூணரை நட்சத்திரம் குடுத்திருக்காரு.

இதா, இதைப் பாருங்க, இந்தப் பேப்பர்க்காரன். இவனைத்தான் எனக்குப் புடிக்கலே. "கதாநாயகன் தன் மனைவியின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை. இத்தனை அலட்சியமான ஒரு ஆளிடம் அவள் எதற்காகத் திரும்பி வர வேண்டும்?" ரெண்டு நட்சத்திரம். இவனுக்கெல்லாம் சினிமான்னா என்னன்னே தெரியலீங்க. அலட்சியமாமா. இருபத்தி மூணு வருசம் ஒரு கொறை வெக்காமப் பாத்துக்கறேன், அலட்சியமாமா. ஒண்ணுஞ்சொல்லாம உட்டுட்டேன், ஆனா ரெண்டு நாளு சோறு எறங்கலே.

பிலிம் கிளப்புன்னு ஒண்ணு இருக்குதுங்க, ஒரு கல்யாண மண்டபத்து மாடியில. அங்க படத்தைப் போட்டுட்டு என்னையக் கூப்பிட்டு மேடையில உக்கார வெச்சாங்க. கண்ணாடி போட்ட ஒரு அம்மா எந்திரிச்சு, 'அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததன் அழகியல் காரணம் என்ன?'ன்னு கேட்டாங்க. என்ற கையில மைக்கு. நான் மைக்கைப் பாத்தேன், அந்தம்மாவைப் பாத்தேன், அமுதினியைப் பாத்தேன். அது சொல்லிறாதீங்கன்னு கண்ணைக் காட்டுச்சு. கம்முனு நின்னேன். ஒரு நிமிசம் இருக்கும். எவனோ ஒருத்தன் கை தட்டுனான். அப்புறம் எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டுனாங்க. பெரியவரு ஒருத்தரு மேடைக்கே வந்து ரெண்டு கையையும் புடிச்சுட்டு, 'பதில் கிடைச்சுருச்சுங்க'ன்னுட்டுப் போனாரு. என்ன பதில் கெடச்சுதுன்னு எனக்கும் சொல்லியிருக்கலாம். ஆனா நடந்து போறேன், கால் தரையில படலே. டீக்கடையில என்னைய இப்ப எல்லாரும் மௌன நாயகன்னுதான் கூப்பிடறாங்க.

அதுக்கு ரெண்டு நாளு கழிச்சு போனு வந்துச்சு. எங்கூட்டுல. அவளாப் போன் பண்ணி ஏழு மாசம் இருக்கும். அவங்கண்ணன் மக பவித்ரான்னு காலேஜ் படிக்குது, அது படத்தை லேப்டாப்புல போட்டுக் காட்டியிருக்குது. விமர்சனம் பூராப் படிச்சும் காட்டியிருக்குது.

'படம் பாத்தேன்'ன்னா.

நான் கம்முனு இருந்தேன்.

'உங்க மௌனத்தை ஊரே மெச்சுதாமா. அதே மௌனத்தை நான் இருபத்தி மூணு வருசமா உக்காந்து பாத்திருக்கேன். எனக்கு ஒருத்தனும் நட்சத்திரம் குடுக்கலே'ன்னா.

போனை அடுத்த காதுக்கு மாத்திக் கேட்டுட்டே இருந்தேன்.

'அந்த ரெண்டு நட்சத்திரம் போட்டவன் ஒருத்தன்தான் படத்தை ஒழுங்காப் பாத்திருக்கான்'ன்னா. எனக்குப் பொக்குன்னு போச்சு. அப்புறம் கேட்டா, 'கடைசியில கூப்பிட்டீங்களே, அது எனக்கா, மெசினுக்கா?'

'உனக்குத்தான்'னேன்.

'அப்ப நேர்ல வந்து கூப்பிடுங்க. எங்கண்ணன் ஊட்டு வாசல்ல நின்னு, வீதி கேக்கறாப்பல, ஒரே ஒருக்கா. வந்தர்றேன். ஹாஸ்டல்ல வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க, பதினஞ்சு நாளு டைம் கேட்டிருக்கேன். அதுக்குள்ள வாங்க.' சொல்றப்ப அவ கொரலு ஒரு மாதிரி ஒடஞ்சு ஒடஞ்சு வந்துச்சுங்க. சிக்னல் சரியில்லே போல.

மூணு தடவை போயிட்டேன் சார். மொதத் தடவை வாசல்ல நின்னு மூச்சை இழுத்து 'இந்தா'ன்னேன். பழக்கதோசம். வெளிய வந்து ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு நின்னா. 'இந்தான்னு இங்க யாரும் இல்லீங்க, வேற ஊடு பாருங்க'ன்னா. அடுத்த தடவை எப்படியாச்சும் ஒரு பேரு வரட்டும்னு கத்துனேன், 'பவித்ரா'ன்னு வந்துச்சு. அந்தப் புள்ளை ஓடியாந்து 'என்ன மாமா?'ங்குது. மூணாவது தடவை, சத்தியமாச் சொல்றேன், மொத எழுத்து வரைக்கும் வந்துருச்சு. அப்பப் பாத்து மச்சான் மொபெட்டுல வந்து எறங்கி, 'வாங்க மாப்ள, வாசல்ல ஏன் நிக்கறீங்க'ன்னு கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு. உப்புப் பருப்பும் ரசமும். தின்னுட்டு வந்துட்டேன். எங்கூட்டுல பரிமாறிட்டே என்ற வாயைத்தான் பாத்துட்டு இருந்தா.

கடையில மோட்டார் ஓடறப்பக் கத்திப் பாக்கறேன், வருது. சுவிச்சை அணைச்சா நிக்குது. நீங்க மருந்துக் கம்பெனிதானுங்களே, பையைப் பாத்தாத் தெரியுது. தொண்டையை எளக்கறதுக்கு எதாச்சும் மாத்திரை இருக்குதுங்களா? கெடையாதா. இருமலுக்குத்தான் இருக்குதா. அதும் குடுங்க, போட்டுக்கறேன்.

இன்னைக்கு எப்படியும் கூப்பிட்டுருவேன். காத்தால எந்திரிச்சதுல இருந்து சிரிப்பா வருது. ஊட்டுல ரெண்டு தட்டு கழுவி வெச்சுட்டு வந்திருக்கேன். கோமங்கலம் தாண்டிட்டோமுங்களா? அப்ப உடுமலை வந்துருச்சு. ஒருவேளை இன்னைக்கும் வர்லீன்னா? இல்லே, வரும்.

பஸ் ஸ்டேண்டுங்க. எறங்கறேன். இந்த ஃபைலைச் சித்தே புடிங்க, செருப்பை... சார். சார், அந்தப் பக்கட்டு பஸ்ஸைப் பாருங்க. உங்க சன்னலுக்கு நேரா நிக்குதே, கோயமுத்தூர் போர்டு. மூணாவது சன்னல்ல மஞ்சச் சீலை. அவதானுங்க. எங்கூட்டுல.

மடியில பையெல்லாம் வெச்சிருக்கா. பாருங்க, மொத்தமாக் கெளம்பி வர்றா. ஊட்டுக்கு வர்றா சார். ஹாஸ்டலுக்குப் போகலே, ஊட்டுக்கு வர்றா. நான் கூப்பிடவே இல்லே, வர்றா. அடேயப்பா, இத்தனை நாளு வயித்துல நெருப்பைக் கட்டிட்டுச் சுத்துனேன். இனி என்னங்க, கம்முனு எறங்கிப் போயி அந்த பஸ்ஸுல ஏறி, பக்கத்துல உக்காந்தா முடிஞ்சுது. கூப்பிடவே வேண்டாம். நான் ஜெயிச்சுட்டேன்.

என்னங்க? என்ன சொல்றீங்க? அழுவுறாளா?

ஆமாங்க. சீலைத் தலைப்புல தொடைக்கறா. பொறந்த ஊட்டை உட்டுட்டு வர்ற அழுவாச்சி இல்லீங்க அது. அது எனக்குத் தெரியும், கல்யாணத்தன்னைக்குப் பாத்திருக்கேன். இது வேற. பதினஞ்சு நாளு வாசலைப் பாத்துப் பாத்து, இந்தாளு கூப்பிட மாட்டான்னு தெரிஞ்சுபோயி, சரி, இந்தாவாவே இருந்துட்டுப் போறேன்னு வர்ற மூஞ்சி. தோத்துட்டு வர்றா சார். எங்கிட்டத் தோத்துட்டு வர்றா.

அந்தப் பேப்பர்க்காரன் சரியாத்தான் எழுதியிருக்கான்.

அவ பஸ்ஸு கெளம்புது. சார், கொஞ்சம் அந்தப்பக்கட்டுத் தள்ளுங்க. இல்லே, எந்திரிக்க வேண்டாம், நான் உங்களைத் தாண்டியே எட்டிக்கறேன். ஷட்டரைத் தூக்குங்க. இன்னும் மேல.

துளசீ. ஏ, துளசிமணீ.

திரும்பலே. அவ பேரு அவ காதுலயே விழுகலே. என்ற கொரல்ல கேட்டுப் பழக்கமில்லீங்களே. பஸ்ஸுல இருக்கற அத்தனை சனமும் திரும்பிப் பாக்குது, அவ மட்டும் பாக்கலே. இருங்க.

துளசிமணீ. உன்னையத்தான் சாமி. இங்க, இந்தப்பக்கட்டு. துளசிமணீ.

பாத்துட்டா. பாத்துட்டாளுங்க. டிரைவரு பஸ்ஸை நிறுத்திட்டாரு. எந்திரிச்சு நிக்கறா. சன்னல் கம்பியைப் புடிச்சுட்டா. என்னமோ சொல்றா, கேக்குதுங்களா? சத்தத்துல கேக்கலே. ஆரன் அடிக்காதீங்கய்யா, சித்தே நிறுத்துங்க.

"என்னங்க வெள்ளிங்கிரீ?"

கேட்டீங்களா சார்? ரெண்டு பஸ்ஸு சனமும் கேக்க என்ற பேரைச் சொல்லிப்போட்டாளுங்க.